34 வாரம் ஆச்சு, பையில் என்னென்ன எடுத்து வைக்கணும்?

கேள்வி இதுதான்: தலைப்பிரசவம், 34 வாரம். சென்னையில் இருந்தவர், வளைகாப்பு முடிந்து சங்கரன்கோவில் பக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். கணவர் சென்னையில் வேலையில். ராத்திரி தூக்கம் இல்லை, சாயங்காலமானால் கால் வீங்குகிறது, அடிக்கடி வயிறு கல் மாதிரி இறுகுகிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பைக்குக் கடைசியில் வருகிறேன். துணிமணி மறந்து வந்த பெண் யாரும் அதனால் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் ஒரு துண்டு தருவாள், வெந்நீர் தருவாள். முடிவு எதுவும் பண்ணி வைக்காமல் வந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

ஒரு வீடு ஞாபகம் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. வலி இல்லை. "வலியே வரலையே, விடியட்டும்" என்றார் மாமியார். எந்த ஆஸ்பத்திரி என்று மாமனாருக்கும் பெண்ணின் அப்பாவுக்கும் பேச்சு. ஃபைல் பீரோவுக்குள், பீரோ சாவி வெளியூர் போன மூத்த மகனிடம். எனக்கு ஆள் அனுப்பியபோது மணி ஏழு. போய்ப் பார்த்தால் கட்டியிருந்த துணி பச்சையாக நனைந்திருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒன்பது நாள் பச்சிளங்குழந்தைகள் வார்டில் கிடந்தது. அந்த வீட்டில் பை மட்டும் ரொம்ப அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதலில் கணக்கைச் சரி பண்ணிக்கொள்வோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். நம் பாட்டிமார் 'பத்து மாசம் சுமந்தேன்' என்று சொல்வது பொய்யில்லை. 28 நாள் மாசமாக எண்ணினால் பத்து மாசம் சரியாக 280 நாள். காலண்டர் மாசத்தில் எண்ணும்போதுதான் எட்டா, ஒன்பதா என்று குழப்பம் வருகிறது. அதனால் யார் கேட்டாலும் வாரத்தில் சொல்லுங்கள். 'ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்குக் கூடுதல் பலம். 37 வாரம் முடிந்தால்தான் நிறைமாசம். டாக்டர் எழுதித் தந்த தேதியில் சரியாகப் பிறக்கும் குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான். தலைப்பிள்ளை தேதி தாண்டிப் போவதும் சகஜம். உங்கள் வீட்டுக்காரர் அந்தத் தேதிக்கு மட்டும் பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டு லீவு சொல்லி வைத்திருந்தால், 37 வாரத்திலிருந்தே எந்த நாளும் கிளம்பத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

தூக்கம். வயிறு பெரிதான பிறகு நல்ல தூக்கம் கிடைப்பது கஷ்டம்தான். ஒருக்களித்துப் படுங்கள். இடது பக்கம் நல்லது, வலது பக்கமும் தப்பில்லை, மல்லாக்க மட்டும் வேண்டாம். கர்ப்பப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். உங்களுக்குத் தலை சுற்றும், குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பயப்பட வேண்டாம், முழிப்பு வந்ததும் திரும்பிப் படுத்தால் போதும். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய சேலை. இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும்.

"எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பணும், அப்படியே புரண்டா குழந்தைக்குக் கொடி சுத்திக்கும்" என்று உங்கள் அம்மா கட்டாயம் சொல்லியிருப்பார். கொடி சுற்றுவது குழந்தை உள்ளே நீந்துவதால். நாலைந்து குழந்தையில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, பெரும்பாலும் விரலால் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். நீங்கள் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். முதுகுக்கு நல்லது. அம்மாவும் சந்தோஷப்படுவார்.

நடுராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலை நீட்டி, பெருவிரலை உங்கள் பக்கமாக இழுங்கள். நெஞ்செரிச்சலுக்கு, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு, தலைமாட்டை உயர்த்திப் படுப்பதுதான் வழி. நெஞ்சு எரிந்தால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்பார்கள், சிரித்துவிட்டு விடுங்கள். ராத்திரியில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது இயல்பு. எரிச்சலோடு போனால் மட்டும் இயல்பில்லை, சிறுநீர்த் தொற்று பிரசவ வலியை முன்கூட்டியே கிளப்பிவிடலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் ராத்திரியில் அரித்தெடுத்தால் அதை வெயில் சூடு என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

கால் வீக்கம். கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். சாயங்காலம் லேசாகக் குழி விழுந்து, ராத்திரி காலை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் அது சுமையின் வீக்கம். காலையில் எழும்போதே முகம் உப்பியிருக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, தலைவலி விடவில்லை, கண் முன்னால் பூச்சி பறக்கிறது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி என்றால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் வலிப்பு வரை போகும். அந்தக் காலத்தில் 'ஜன்னி கண்டுருச்சு' என்று வேப்பிலை அடித்தது பல நேரம் இதற்குத்தான். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் என்ன என்று நீங்களே கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்க வேண்டாம், கேட்கிற பெண்களை எங்களுக்குப் பிடிக்கும்.

இனி வயிறு இறுகுவது. நம் பக்கம் இதற்குச் சூட்டு வலி என்று பெயர், பொய் வலி என்றும் சொல்வார்கள். கர்ப்பப்பை ஒத்திகை பார்க்கிறது, அவ்வளவுதான். சீரகத்தை வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்து, 'அடங்கினா சூட்டு வலி, கூடினா பிள்ளை வலி' என்று பெரியவர்கள் சோதிப்பார்கள். அதில் விஷயம் இருக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தாலோ நாளெல்லாம் நின்றாலோ இந்த இறுக்கம் கூடும். இரண்டு டம்ளர் எதைக் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாலும் அடங்கும். நிஜ வலி எதற்கும் அடங்காது. பெரும்பாலும் நடு இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்ப வேண்டியதுதான். தலைப்பிரசவம் 12 மணி நேரம், அதற்கு மேலும் எடுக்கும், ஆனாலும் கிராமத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பத்து நிமிஷ இடைவெளியிலேயே வண்டிக்குச் சொல்லிவிடலாம். இதெல்லாம் 37 வாரத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் ஒழுங்கான இடைவெளியில் வலி வந்தால் மணி பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே போங்கள்.

சீரகத் தண்ணீரோடு நிறுத்துங்கள். வலி வரவைக்க விளக்கெண்ணெய் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வலியை வரவைக்கிறதோ இல்லையோ, வயிற்றுப்போக்கைக் கட்டாயம் வரவைக்கும். பிரசவ நேரத்துக்கு வேண்டிய தெம்பு முழுக்க அதில் போய்விடும்.

வலிக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய சமயங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். மணி பார்த்துக்கொள்ளுங்கள், சுத்தமான வெள்ளைத் துணியை மடித்து வைத்து நிறம் பாருங்கள். பச்சையோ ரத்தமோ தெரிந்தால் இன்னும் அவசரம். சிறுநீரா பனிநீரா என்று சந்தேகம் வந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள், தப்பாகப் போனதற்கு யாரும் திட்டப் போவதில்லை. நிறைமாசத்தில் ரத்தம் கலந்த சளி மாதிரி கொஞ்சம் படுவது கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கியதன் அடையாளம், அதற்குப் பதறத் தேவையில்லை. மாதவிலக்கு மாதிரி ரத்தம் போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட நான் அடித்துச் சொல்வது குழந்தையின் அசைவு. ராத்திரி சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். ஒரு கிண்ணத்தில் பத்துப் புளியங்கொட்டை, பக்கத்தில் காலி கிண்ணம். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கொட்டையை மாற்றிப் போடுங்கள். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்கு, விக்கல் சேராது. பெரும்பாலும் அரை மணியில் கிண்ணம் காலியாகிவிடும். இரண்டு மணி நேரமாகியும் பத்து ஆகவில்லை என்றாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் 'இன்னைக்கு என்னமோ மாதிரி இருக்கு' என்று உங்களுக்குத் தோன்றினாலோ, காலை வரை பொறுக்க வேண்டாம். நான் இந்தப் புளியங்கொட்டைக் கணக்கை ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவள் மாமியார் சிரித்தார். அடுத்த மருமகளுக்கு அவரே கிண்ணம் எடுத்து வைத்தார்.

'கடைசி மாசத்துல இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்' என்பது ரொம்ப ஆபத்தான பேச்சு. உதை குறைந்து புரளலாக மாறும், எண்ணிக்கை குறையாது. 'இனிப்பு சாப்பிட்டுப் பாரு, அசையும்' என்று நேரம் கடத்துவதும் அதே ரகம்.

இப்போது முடிவுகளுக்கு வருவோம். முதலாவது, எங்கே பிரசவம். சென்னையில் பார்த்த டாக்டர் இங்கே இல்லை. 36 வாரத்துக்குள் இங்கே எந்த ஆஸ்பத்திரி என்று தீர்மானித்து, ஃபைலோடு ஒரு தடவை நேரில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். முதல் தடவையாக வலியோடு போய் நிற்கிற இடமாக அது இருக்கக் கூடாது. பிரசவ வார்டு எந்தப் பக்கம், ராத்திரியில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதைக்கூடப் பார்த்து வாருங்கள். குழந்தை தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள். ரத்தச்சோகை, பிரஷர், சர்க்கரை, முன்பு செய்த ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் சங்கரன்கோவிலில் பார்ப்பார்களா, தென்காசிக்கா, ஹைகிரவுண்டுக்கா (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு இடத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பப்படுவதைப் போல நேரத்தைத் தின்பது வேறில்லை.

உங்கள் அம்மா ஊர் நர்ஸிடம் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சென்னையில் போட்ட பிக்மி நம்பரை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) அவரிடம் காட்டுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்), குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பர் வேண்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, வண்டி. 108 இலவசம், 2008-லிருந்து இங்கே ஓடுகிறது, உள்ளே பிரசவம் பார்க்கப் பழகிய ஆள் இருப்பார். இருந்தாலும் ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் 'ராத்திரி கூப்பிட்டா வருவீங்களா' என்று இன்றே கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வழி சொல்லும் அடையாளம் ஒன்றை எல்லாரும் ஒரே மாதிரி சொல்லப் பழகுங்கள், 'தண்ணித் தொட்டிக்கு மேற்கே இரண்டாவது வீடு' என்பது போல. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் திரும்பி வர 102 வண்டி உண்டு.

மூன்றாவது, ரத்தம். உங்கள் ரத்தப் பிரிவு என்ன என்று வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரிய வேண்டும், கொடுக்கக்கூடிய இரண்டு பேர் பெயர் கைவசம் இருக்க வேண்டும். நீங்கள் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் 28 வாரத்தில் போடும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று ஃபைலைப் பாருங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தச்சோகை. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும், கையிருப்பு இல்லாதவளுக்குத்தான் அது பெரிய நஷ்டம். சிவப்பு மாத்திரையை, அதாவது இரும்புச்சத்து மாத்திரையை, சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். காபி, டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம், இரண்டும் இரும்பை ஏறவிடாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கூரையில் செருகி வைத்த பெண்களை நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

நான்காவதாக, கூட யார். அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். உரிமைப்படி அம்மாதான் வர வேண்டும் என்றில்லை. சிலரது அம்மா மகளுக்கு முன்னால் அழுதுவிடுவார். 'எனக்கு மூணு நாள் வலிச்சுது' என்று கதை சொல்லும் அத்தையை வாசலில் உட்கார வையுங்கள். இடுப்பை நீவிவிட்டு, வாயில் தண்ணீர் ஊற்றி, 'இன்னும் கொஞ்சம்தான்' என்று சொல்லத் தெரிந்த சித்தியோ மதினியோ போதும்.

இன்னொன்றையும் பிரசவத்துக்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும், அதுதான் சேனை. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பது, யார் தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது. ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் இருக்கும் கிருமி பச்சைக் குழந்தையை முடக்கிப்போடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான். அது மஞ்சளாக, ஒரு ஸ்பூன்கூடத் தேறாமல் வரும்; 'பாலே இல்லை' என்று உடனே புட்டிக்கு ஆள் அனுப்புவார்கள். அன்றைக்குக் குழந்தையின் வயிறு ஒரு சின்னக் கோலிகுண்டு அளவுதான், அந்த ஒரு ஸ்பூன் தாராளம். அசந்து படுத்திருக்கும்போது உங்களால் இதை வாதாட முடியாது. தாத்தாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: சேனைக்குப் பதிலாக முதலில் பெயரைக் காதில் சொல்வது அவர்தான் என்று. நான் பல வீடுகளில் இப்படித்தான் சமாதானம் பண்ணியிருக்கிறேன்.

இப்போது பை. ஃபைல், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார், பாஸ்புக் நகல், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், பீரோவுக்கு வெளியே. முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், உள்ளாடை, துண்டு, செருப்பு, பிளாஸ்க், டம்ளர், ஸ்பூன், சார்ஜர். குழந்தைக்குப் பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்கக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். இந்தப் பழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பல தடவை துவைத்த தாத்தாவின் வேட்டியைவிட மெதுவான துணி எந்தக் கடையிலும் கிடையாது. துண்டு துண்டாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பத்துத் துண்டு மடித்து வையுங்கள். தலைக்கு ஒரு குல்லா. குழந்தைக்குச் சூடு தலை வழியாகத்தான் அதிகம் போகும். பவுடர், மை, வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். மாற்றுத்துணி, கொஞ்சம் பணம் கூட வருகிறவருக்கும் வையுங்கள், அவரைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

கடைசியாக வளையல். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையலைப் பிரசவம் வரை கழற்ற மாட்டேன் என்று இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கையில் ஊசி ஏற்றுவார்கள், வலியில் கட்டில் கம்பியைப் பிடிக்கும்போது வளையல் உடைந்து கை கிழியும். 37 வாரம் ஆனதும் இடது கையில் இருப்பதை சோப்புத் தண்ணீர் போட்டு மெதுவாகக் கழற்றி வலது கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி எடுத்ததும் அதையும் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து பையில் போடுங்கள். பிரசவம் பார்த்தவளுக்கு அந்த வளையலைக் கொடுப்பது பழைய வழக்கம். என் வீட்டுப் பரணில் இரண்டு பிஸ்கட் டின் நிறைய சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது.